பிசுக்கு நீக்கல் துணைக்குழுவின் நான்காம் விதி

உலகில் துடைத்தல் என்னும் செயல் முறைப்படி தொடங்கியது அக்டோபர் நான்காம் தேதி மாலை ஏழரை மணிக்கு, மொன்டானாவில், மட் கிரீக் துப்பாக்கிச் சங்கத்தின் பின்னறையில்தான். அதற்கு முன்பும் மக்கள் துடைத்திருக்கிறார்கள். மேசையைத் துடைத்திருக்கிறார்கள், மூக்கைத் துடைத்திருக்கிறார்கள். ஆனால் அவையெல்லாம் முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் இல்லாமல், மனம்போன போக்கில் துடைத்தவை. வரலாறு அவற்றைப் பொருட்படுத்தாது.

சங்கத்தில் முப்பத்தொரு பேர். கடைத் தோட்டா வாங்குவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சங்கத்தின் ஒரே அழுத்து இயந்திரத்தில் வைத்துப் பழைய அளவுக்கு அமுக்கி, புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்துத் தாங்களே தோட்டா செய்துகொள்வார்கள். அமுக்கும்போது கூடு அச்சுக்குள் சிக்காமலிருக்க அதன் மேல் மசகு தடவ வேண்டும். வேலை முடிந்ததும் அந்த மசகைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் தூசி அப்பும். சுடும்போது கூடு வழுக்கிப் பின்பக்கம் உதைக்கும். ஆர்லோ ஹாக்ஸ்டாட் பதினெட்டு வருடமாக இந்த மாபெரும் பணியைத் தன் சட்டை நுனியால் செய்துவந்தான். தோட்டாவுக்கு மூன்று வினாடி.

அந்த அறியாமையிலிருந்து அவனை மீட்கத்தான் துணைக்குழு பிறந்தது.

பிறந்த கதையும் சொல்லத் தகுந்தது. போன பருவத்தில் சங்கச் செயலாளர் மெர்ல் கிட்டில்சன், எண்பது அடி தூரத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த எல்க் மான் ஒன்றைச் சுட்டு, அதற்குப் பின்னாலிருந்த பைன் மரத்தை வீழ்த்தப் பார்த்தார்.

"கண்ணாடி போட்டிருந்தீங்களா?" என்று ஆர்லோ பொதுக்குழுவில் கேட்டான்.

"கண்ணாடிக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? கூட்டுல பிசுக்கு இருந்துச்சு."

மான் தப்பியதற்குக் காரணம் கண் அல்ல, பிசுக்கே என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மானின் கருத்து கேட்கப்படவில்லை.

துணைக்குழுவுக்குத் தலைவர் வெண்டல் ஸ்ட்ரூப். மாவட்டத்துப் பாலங்களை முப்பது வருடம் மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஒரு பாலம்கூட விழவில்லை. ஒன்றும் கட்டப்படவும் இல்லை. பதினோரு நாளில் ஒன்பது விதிகள் எழுதினார். துணி வெள்ளைப் பருத்தியாக இருக்க வேண்டும். துடைப்பு வலம்வர வேண்டும், இடம்வரக் கூடாது. மூன்று சுற்று. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு படிவம். படிவத்தைச் செயலாளர் உரக்க வாசிக்க வேண்டும், தலைவர் முத்திரை வைக்க வேண்டும். முத்திரையில் "தூய்மை" என்றிருந்தது. விதிகளின் சிகரம் நான்காவது: "தோட்டாவின் மீது காணப்படும் எந்த அந்நியப் பொருளும், அது எதுவாயினும், எங்கிருப்பினும், உடனடியாக அகற்றப்படும்."

இந்த இடத்தில் ஆர்லோவின் அற்பக் கவலையையும் பதிவு செய்துவிடலாம். அவன் மர ஆலையில் கட்டை புரட்டுகிறவன். ஆலை அந்த இலையுதிர் காலத்தில் வாரம் மூன்று நாள்தான் ஓடியது. எல்க் ஒன்று விழுந்தால் பனி உருகும்வரை அவன் வீட்டில் கறி; விழாவிட்டால் டப்பா பீன்ஸ். மான் இறங்கும் ஓடைக்கரை ஒரு பண்ணைக்காரருக்குச் சொந்தம். சங்கத்து உறுப்பினர் சீட்டு இருப்பவனைத்தான் அவர் வேலிக்குள் விடுவார். சங்கமோ, விதிப்படி துடைக்காத தோட்டா வைத்திருப்பவன் சீட்டைப் பறிக்கும். ஆக, அவன் மனைவி லோர்னா கறி வைக்கும் உறைபெட்டிக்கும் உலகத் தூய்மைக்கும் நடுவில் வெண்டலின் முத்திரை ஒன்றுதான் நின்றது.

அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை. மாபெரும் துடைப்பு நாள். அலமாரியிலிருந்த முப்பத்தொரு பேரின் தோட்டாக்களும் பெட்டிகளை விட்டு வெளியே எடுக்கப்பட்டு, வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் அடுக்கப்பட்டன. பெட்டிகளில் பிசுக்கு இருந்ததால் அவை அடுப்புக்குப் போயின. வெண்டல் ஒரு குவளையில் ஸ்பிரிட் ஊற்றித் துணியை நனைத்தார்.

ஆர்லோ கையைத் தூக்கினான். "தலைவரே, ஸ்பிரிட் வேணாம். அடியில கோடு இருக்குல்ல?"

அங்கே எல்லோருடைய துப்பாக்கியும் ஒரே அளவு. உள்ளே வைக்கும் மருந்தின் அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு. வெண்டலின் புதுத் துப்பாக்கி கனத்த மருந்தைத் தாங்கும். ஆர்லோவினுடையது மூன்று கை மாறி வந்த பழசு, தாங்காது. அதனால் ஒவ்வொருவரும் தோட்டாவின் அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் தன் நிறத்தில் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். ஆர்லோவினுடையது சிவப்பு.

"கோடு என்ன, தோட்டாவோட பிறந்துச்சா?" என்றார் வெண்டல்.

"இல்ல, நான் போட்டது."

"அப்ப அது அந்நியப் பொருள்."

"அது இல்லன்னா யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

"தம்பி ஆர்லோ, இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இருக்கறது துடைக்கறது. தெரிஞ்சுக்கறது இல்ல."

"ஆட்சேபணை குறிக்கப்பட்டது," என்று மெர்ல் எழுதினார். எழுதிய வேகத்தில் பேனா மை விரலில் ஒட்டியது. அதையும் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டார்.

ஆர்லோ தன் பங்கைத் தனியே எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தான். பக்கத்திலிருந்தவர் அவன் காதில், "சீட்டு முக்கியம்டா, கைய எடு," என்றார். எடுத்தான். மாலைக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு தோட்டாக்கள், பல் டாக்டர் விளம்பரத்துப் பற்களைப் போலப் பளபளத்து வரிசையில் நின்றன. வெண்டலின் கண் கலங்கியது. மனிதன் கைபட்ட எந்த அடையாளமும் அவற்றில் இல்லை.

பருவம் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்த கையோடு முப்பத்தொரு பேரும் தோட்டா வாங்க வந்தார்கள். வந்து விரிப்பைப் பார்த்தார்கள்.

"என்னோடது எது?"

"எல்லாம் உன்னோடது மாதிரிதான் இருக்கு."

"அதான் கேக்குறேன், எது?"

ஒருவர் தோட்டாவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். இன்னொருவர் மோந்து பார்த்தார். ஸ்பிரிட் வாசனைதான் வந்தது; அதனால் திரும்பவும் மோந்தார்.

வெண்டல் மேசையைத் தட்டினார். "பதட்டம் வேணாம். தலைக்குப் பத்தொன்பது. மீதி இருபத்து மூணு சங்கத்துக்கு. பங்கு போட்டுக்குவோம்."

"உங்க மருந்தை வச்சு என் கிழட்டுத் துப்பாக்கியில சுட்டா, பின்னாடி இருக்கற பூட்டு கழண்டு வந்து என் கன்னத்துல உக்காரும்," என்றான் ஆர்லோ.

"உக்காந்தாலும் பிசுக்கில்லாம உக்காரும்," என்றார் வெண்டல். அதையும் மெர்ல் குறிப்பேட்டில் ஏற்றினார்.

வெண்டலையும் சேர்த்து ஒருவரும் பங்கை வாங்க முன்வரவில்லை. தன் தோட்டா யாருடைய கைக்கும் போகலாம் என்பதைவிட, யாருடைய தோட்டாவும் தன் கைக்கு வரலாம் என்பது எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. ஊரின் ஒரே கடையில் அந்த அளவுத் தோட்டாவும் வெடிமருந்தும் புதன்கிழமையே தீர்ந்திருந்தன. ஆகவே அறுநூற்றுப் பன்னிரண்டையும் வசந்தத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தைக் கொட்டிவிடுவது என்றும், துணைக்குழுவின் அப்பழுக்கற்ற பணிக்கு நன்றி தெரிவிப்பது என்றும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின.

ஆர்லோ வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். லோர்னா சமையலறைத் தொட்டியில் அவனுடைய சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை குடுத்தாங்க?"

"ஒண்ணும் இல்ல."

"சுத்தமா?"

"ரொம்பச் சுத்தமா."

டப்பாவிலிருந்து டங்கென்று ஏதோ விழுந்தது. ஒரு தோட்டா. மூன்று வாரம் முன்பு சுட்டுப் பார்க்கப் போனபோது பையிலிருந்து நழுவி டப்பா மூடியின் இடுக்கில் சிக்கியிருக்க வேண்டும். உடம்பெல்லாம் பிசுக்கு, பிசுக்கின் மேல் மரத்தூள், மரத்தூளின் மேல் ஒரு ரொட்டித் துணுக்கு. அடியில் சிவப்புக் கோடு.

லோர்னா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "ஒண்ணுதான் இருக்கா?"

"ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணே ஒண்ணு கொண்டு வா. நான் ரெண்டு கேக்கல."

ஆர்லோ சட்டை நுனியைப் பேண்டிலிருந்து உருவினான். துடைத்தான். வலமா இடமா என்று அவனே கவனிக்கவில்லை. மூன்று வினாடி ஆனது.

மறுநாள் விடியலில் ஓடைக்கரை முழுவதும் அவனுக்கே. வழக்கமாக வேலியோரம் பத்து வண்டிகள் நிற்கும். அன்று மான்கள்கூட ஆச்சரியப்பட்டிருக்கும். ஒரே தோட்டா வைத்திருப்பவன் மரத்தைச் சுடமாட்டான். பனியில் வயிற்றைப் பதித்து இரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தான். பெண் எல்க் ஒன்று பக்கவாட்டில் திரும்பியதும் சுட்டான். அது நாலடி நடந்து, யோசித்து, சரிந்தது. கூடு வழுக்கவுமில்லை, உதைக்கவுமில்லை.

வெடிச்சத்தம் ஊருக்குக் கேட்டது. அந்தப் பருவத்தின் முதல் வெடி. அதனால் எல்லோரும் எண்ணினார்கள். ஒன்றோடு எண்ணிக்கை நின்றது.

ஞாயிறு மதியம் துணைக்குழு விசாரணைக்கு வந்தது. வெண்டலும் மெர்லும். கொட்டகையில் தொங்கிய எல்க்கை இரண்டு முறை சுற்றி வந்தார்கள், வலமாக. பிறகு குளிர் தாங்காமல் சமையலறைக்குள் வந்தார்கள். லோர்னா வெங்காயத்தோடு மான் ஈரலை அதன் கொழுப்பிலேயே வதக்கிக்கொண்டிருந்தாள். விசாரணையின் போது உண்ணக்கூடாது என்று ஒன்பது விதிகளில் எங்கும் இல்லாததால் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"தம்பி ஆர்லோ," என்றார் வெண்டல், வாய் நிறைய. "படிவம் இல்லாத தோட்டா. வருத்தமா இருக்கு."

"துடைச்சுட்டுதான் சுட்டேன் தலைவரே."

"எதால?"

"சட்டையால."

மெர்ல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். துக்கத்தால் அல்ல, தட்டு காலியாகியிருந்தது. லோர்னா இன்னொரு கரண்டி ஈரல் போட்டாள்.

"விதிப்படி உன் சீட்டைப் பறிக்கணும்," என்றார் வெண்டல். "ஆனா சங்கத்துக்கும் மனசு இருக்கு. ஆண்டு விருந்துக்கு இந்த வருசம் யார்கிட்டயும் கறி இல்ல. ஏன்னு தெரியல."

"ஏன்னு தெரியல," என்றார் மெர்ல்.

"பின்னங்கால் ரெண்டையும் குடுத்துடு. விவகாரம் முடிஞ்சுது."

"அதுலதானே கறி அதிகம். எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்றாள் லோர்னா.

"கழுத்துக்கறி சூப்புக்கு நல்லாருக்கும்மா," என்றார் மெர்ல் அன்போடு.

வெண்டல் சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இதையும் நிரப்பிடு. ஏடு சுத்தமா இருக்கணும். மெர்ல் வாசிப்பார், நான் முத்திரை வைக்கிறேன்."

ஆர்லோ படிவத்தை இழுத்துக்கொண்டான். கட்டை புரட்டும் கை. எழுத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் வைத்தது. அதற்குள் வெண்டல் ரொட்டியால் தட்டை வழித்து முடித்தார். ஆர்லோ படிவத்தை மெர்லிடம் நீட்டினான். மெர்ல் தொண்டையைச் செருமி, பொதுக்குழுக் குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"பிசுக்கு காணப்பட்ட இடம்: தலைவரின் தாடை. செயலாளரின் மீசை." வாசித்துவிட்டுத்தான் மீசையைத் தொட்டுப் பார்த்தார். வாசிப்பைப் பாதியில் நிறுத்த விதியில் இடமில்லை. தொடர்ந்தார். "பிசுக்கின் தன்மை: மான் கொழுப்பு, எங்கள் வீட்டுடையது. துடைத்த முறை: இன்னும் துடைக்கவில்லை. நான்காம் விதிப்படி உடனடியாக அகற்ற வேண்டிய அந்நியப் பொருள்கள்..."

"எத்தனை?" என்றார் வெண்டல், முத்திரையை ஓங்கியபடி.

"ரெண்டு," என்றார் மெர்ல் மெதுவாக.

லோர்னா கதவைத் திறந்து பிடித்தாள். பனிக்காற்று உள்ளே வந்தது.

நான்காம் விதி இதுவரை ஒருமுறைகூட மீறப்பட்டதில்லை என்று அந்த ஆண்டறிக்கை பெருமையோடு குறிப்பிடுகிறது. ஆண்டு விருந்தில் முப்பது பேர் டப்பா பீன்ஸ் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்தபின் யாருடைய வாயிலும் துடைப்பதற்கு எதுவும் இல்லை.