உதட்டளவில் ஓர் உத்தியோகம்

டீயில் ரோஜாப்பூ வாசனை அடித்த அன்றுதான், என் மனைவியின் தொழிலை இழுத்து மூடிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

இந்த முடிவை யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பாக மனைவியிடம் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வீராவேச முடிவுகளையெல்லாம் மனதுக்குள்ளேயே எடுத்துப் பழகிவிட்டேன். வெளியே எடுத்தால் தங்குவதில்லை.

அந்தத் தொழில் ஆரம்பித்ததே என்னால்தான் என்பது தனிக் கொடுமை. நான் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளன். உறைந்த மீனும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக வரும், போகும். சரியாக வந்ததா, சரியாகப் போனதா என்று பார்ப்பது என் வேலை. அந்தக் குளிரில் மீன் கெடாது, என் உதடுதான் கெட்டுப்போகும். வெடித்து, தோல் உரிந்து, சிரித்தால் ரத்தம் எட்டிப் பார்க்கும். ஆகவே சிரிப்பதில்லை. கிடங்கில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். மூஞ்சி என்ன பாவம் செய்தது? குற்றம் முழுக்க உதட்டினுடையது.

இதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் மனைவி தேன்மெழுகு வாங்கி வந்தாள். எண்ணெய் விட்டு உருக்கி, குட்டி டப்பி ஒன்றில் ஊற்றி ஆறவைத்து, "இதைப் பூசிக்குங்க" என்று நீட்டினாள். லிப் பாம். பூசிக்கொண்டேன். சீக்கிரமே உதடு பச்சைக் குழந்தையின் உதடு மாதிரி ஆகிவிட்டது. அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். படியேறும்போது எதிர் வீட்டு டீச்சரைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தேன்.

"என்ன சார், உதடு பளபளன்னு இருக்கு?"

"எல்லாம் வீட்டுத் தயாரிப்பு டீச்சர்."

"அட! எனக்கும் ஒண்ணு பண்ணித் தரச் சொல்லுங்களேன். ஏதாவது வாசனை போட்டு."

அந்த வாசனை என்ற ஒரு வார்த்தையில் என் குடி முழுகியது. டீச்சருக்கு ரோஜா. டீச்சரின் பள்ளிக்கூடத்தில் இன்னொரு டீச்சருக்குப் புதினா. அவருடைய நாத்தனாருக்கு வெனிலா. எங்கள் அடுப்பங்கரை தொழிற்சாலை ஆனது. என் மனைவி முதலாளி ஆனாள். நான் முதலாளியம்மாவின் வீட்டுக்காரர் ஆனேன்.

அதுகூடப் பரவாயில்லை. என் சாயந்திரம் போய்விட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

முன்பெல்லாம் நான் வேலை முடிந்து வந்ததும் ஜன்னல் ஓரத்தில் இரண்டு நாற்காலி, இரண்டு டம்ளர் டீ. கீழே தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் அவள் ஒரு கை பார்ப்பாள். "அந்தப் பச்சைச் சட்டையைப் பாருங்க. பொண்டாட்டி வாங்கிட்டு வரச் சொன்னதை மறந்துட்டாரு. நடையிலேயே தெரியுது." நான் உதடு வலிக்காமல் உள்ளுக்குள்ளேயே சிரிப்பேன். நாள் முழுக்க உறைந்த மீனோடு நிற்கிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வெயில்.

இப்போது அந்த நாற்காலிகளில் தட்டுத் தட்டாக டப்பிகள்.

"அங்க உட்காராதீங்க, ஆறிக்கிட்டு இருக்கு."

"சரி, இங்க?"

"அதுவும் ஆறுது. ஆடினா நடுவுல குழி விழுந்துடும்."

"நான் எங்கதான் ஆறுறது?"

டீ போடும் பாத்திரத்தையும் மெழுகு உருக்க எடுத்துக்கொண்டாள். தேய்த்துத் தேய்த்து மறுபடி அதிலேயே டீ போட்டாள். ரோஜா மணத்தது. குடித்துவிட்டு முடிவெடுத்தேன்.

வழிதான் தெரியவில்லை. வழியை மனைவியே கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"என்னங்க, மத்தியானம் பூரா உருக்கிக்கிட்டே இருந்தா என் மூக்கு மரத்துப் போகுது. எது நல்ல வாசனை, எது மட்டம்னே தெரிய மாட்டேங்குது. இனிமே புதுசா எது பண்ணாலும் நீங்கதான் பூசிப் பாத்துச் சொல்லணும்."

"நானா?"

"உங்க உதட்டை விட மோசமான உதடு எனக்கு எங்க கிடைக்கும்?"

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். என் திட்டம் எளிமையானது. நன்றாக இருப்பதை மட்டம் என்பேன். மட்டமாக இருப்பதை ஆஹா என்பேன். மட்டமானது விற்பனைக்குப் போகும், டீச்சர் முகம் சுளிப்பார், தொழில் படுக்கும், நாற்காலி காலியாகும். எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

முதலில் ஆரஞ்சு கொடுத்தாள். என்ன சொல்ல! தோலை உரித்த கையோடு மூக்கருகே பிடித்த மாதிரி இருந்தது.

"சகிக்கலை. பாத்திரம் தேய்க்கிற சோப்பு மாதிரி இருக்கு."

"அப்படியா?" என்று முகத்தைப் பார்த்தாள். "இந்தக் கிராம்பு?"

பூசினேன். உதட்டில் யாரோ தீ வைத்தார்கள். கண்ணில் நீர் முட்டியது.

"பி... பிரமாதம். இதைத்தான் நீ ஊருக்கே கொடுக்கணும்."

"கண்ணு ஏன் கலங்குது?"

"உன் திறமையை நினைச்சேன். ஆனந்தக் கண்ணீர்."

தலையாட்டிக்கொண்டே உள்ளே போனாள். கடமையைச் செய்த நிம்மதியில், வீங்கிய உதட்டோடு தூங்கினேன்.

அந்த வாரமே டீச்சர் கதவைத் தட்டினார். குற்றப் பத்திரிகை வாசிக்க வருகிறார் என்று ஓடிப்போய்த் திறந்தேன்.

"சார், அந்த ஆரஞ்சு இருக்கே, அடடா! எங்க ஸ்டாஃப் ரூமே மயங்கிக் கிடக்கு. இன்னும் வேணுமாம்."

"ஆரஞ்சா? கிராம்பு இல்லையா?"

"கிராம்பா? அப்படி ஒண்ணு வரவே இல்லையே."

மனைவியைப் பார்த்தேன். "அவசரத்துல மாறிப் போயிடுச்சுங்க" என்றாள். சரி, கைதவறுதல் யாருக்கும் நடப்பதுதான் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

ஆனால் அவளுக்குக் கைதவறிக்கொண்டே இருந்தது. புதினாவை நான் பல்பொடி என்றேன். அது போட்டி போட்டுக்கொண்டு விற்றது. காபி வாசனையில் அடிப்பிடித்த நாற்றம் அடித்தது. அபாரம் என்றேன். அதன் சுவடே இல்லை. நான் வாயைத் திறக்கத் திறக்க வியாபாரம் பெருகியது. ஊர் ரசனையே கெட்டுக் கிடக்கிறது, இவர்களோடு போராடி என்ன பயன் என்று கிடங்கில் மீன்களிடம் முறையிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மாலை, வேலையிலிருந்து வந்து நான் சட்டையைக்கூட மாற்றவில்லை, மனைவி எதிரே வந்து நின்றாள். கையில் ஒரே ஒரு டப்பி. வழக்கமாக நான்கைந்து கொண்டுவருபவள்.

"இது என்ன வாசனை?"

"பூசிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பூசினேன். ஏலக்காய். கூடவே, கொதித்து இறக்கிய டீயின் மணம். ஜன்னல் ஓரம், இரண்டு டம்ளர், பச்சைச் சட்டைக்காரர், அவள் குரல் எல்லாம் ஒரு நொடியில் உதட்டில் வந்து உட்கார்ந்தன. திட்டம், தந்திரம் எதுவும் நினைவில் இல்லை.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன். "இத்தனை நாள்ல நீ பண்ணதுலயே இதுதான் உசத்தி. மனசாரச் சொல்றேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது.

"சரிங்க" என்று டப்பியை வாங்கிக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள். புகழ்ச்சியில் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் கிடங்கில் வேலை ஆட்களைப் பார்த்துச் சிரித்தேன். அவர்கள் பயந்துபோனார்கள். மாலை வந்ததும் வராததுமாக, "அந்த டீ வாசனை டப்பி எங்க? நாளையிலேருந்து வேலைக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போகப்போறேன்" என்றேன்.

"அதைத் தூக்கிப் போட்டுட்டேனே."

"எதுக்கு?"

"நீங்கதான் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்களே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் நாற்காலித் தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் கிராம்பு போட்டதும் உதடு வீங்கி, கண்ணுல தண்ணி கொட்டுது, பிரமாதங்கறீங்க. ஆரஞ்சை சகிக்கலைன்னுட்டு ராத்திரி வரைக்கும் உதட்டை நக்கிக்கிட்டே இருக்கீங்க. நான் என்ன குருடா? ஏன் இப்படிச் சொல்றீங்கன்னு தெரியலை. ஆனா நீங்க சொல்றதைத் தலைகீழா எடுத்துக்கிட்டா சரியா இருந்துது. தொழிலுக்கு அது போதும்னு விட்டுட்டேன்."

"அப்போ... ஆரஞ்சு மாறிப் போனது?"

"எதுவும் மாறலை."

ஆக, அவள் தொழிலைக் கவிழ்க்க நான் தின்ற கிராம்பெல்லாம் அவள் தொழிலுக்கே உரமாகப் போயிருக்கிறது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, நான் உதட்டையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.

"ஆனா அந்த டீ வாசனை விக்கறதுக்கு இல்லைங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "உங்களுக்குன்னு பண்ணேன். சாயந்திரம் உட்கார முடியலையே, கிடங்குல நிக்கறப்பவாவது டீ வாசனை வரட்டும்னு. நீங்க ஆஹா ஓஹோன்னீங்க. ஐயோ, இவருக்கு இது சுத்தமாப் பிடிக்கலையேன்னு மனசு விட்டுப் போச்சு."

என்ன சொல்வேன்? நடந்ததெல்லாம் சொன்னேன். ரோஜா டீ, நாற்காலி, திட்டம், ஒன்று விடாமல்.

"இதுக்கா இவ்வளவும்?" என்றாள். "சாயந்திரம் கொஞ்ச நேரம் உட்காருன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா உட்கார்ந்திருப்பேனே."

வாயைத் திறக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. பூசுவதற்கு மட்டும் திறந்திருக்கிறேன்.

"மறுபடி ஒண்ணு பண்ணித் தாயேன்" என்று கெஞ்சினேன்.

"அளவெல்லாம் பாக்கலைங்க. ஏதோ கைக்கு வந்ததைப் போட்டேன்."

அப்புறம் எத்தனையோ முறை பண்ணிப் பார்த்தாள். ஒருமுறை ஏலக்காய் தூக்கியது, ஒருமுறை டீ கசந்தது. அது வரவே இல்லை. ஒரே ஒரு தடவை பூசிய உதட்டை அன்றிரவு நன்றாகக் கழுவி வேறு விட்டேன். இன்னும் அதை நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஒன்று மட்டும் திரும்பக் கிடைத்தது. டீக்கென்று தனிப் பாத்திரம் வாங்கினாள். நான் வரும் நேரத்துக்கு நாற்காலிகளைக் காலி செய்தாள். டீ முடியும் வரை மெழுகைத் தொடுவதில்லை என்று அவளாகவே சொன்னாள்.

முதல் நாள். ஜன்னல் ஓரம், இரண்டு டம்ளர். சாயந்திர வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. எத்தனை நாளாயிற்று இப்படி உட்கார்ந்து பார்த்து! இனிமேல் பொய்யே கிடையாது, மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

"இன்னைக்கு நீ ரொம்ப அழகா இருக்கே" என்றேன்.

வாய்க்குப் போன டம்ளர் பாதியில் நின்றது.

"நிஜமாவா சொல்றீங்க?"

"சத்தியமா."

"ஐயையோ" என்று டம்ளரை வைத்துவிட்டு, முகத்தில் என்ன கோளாறு என்று பார்க்கக் கண்ணாடிக்கு ஓடினாள்.