மூன்று கேமரா, ஒரு கெட்டில்

உயிரோடு இருக்கும்வரை என் மூன்று கேமராக்களையும் விற்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இதை அறிவித்தேன். மனைவி சண்டைக்கு வரவில்லை, கேள்விதான் கேட்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முப்பத்தைந்து வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். ஸ்டூடியோவை மூடியபோது இந்த மூன்றும் என்னோடு வீட்டுக்கு வந்தன. வீட்டில் தூசி புகாத கண்ணாடி அலமாரி ஒன்றே ஒன்று. அதில் குடியேறின. அவள் துணி தைப்பவள். அதுவரை அலமாரியில் இருந்த துணிகள் தரைக்கு வந்தன. குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்பு போயிற்று. நியாயமான குறைதான். அதை அவளிடம் சொன்னதில்லை.

“ஒரு கேமரா போதாதா? மத்த ரெண்டையும் வித்துட்டா என் துணியை வெப்பேன்.”

“போதாது. ஒரு பொருளை மூணு பக்கத்துல இருந்து எடுக்கணும்.”

“பொருளைத் திருப்பி வெச்சா?”

“திருப்பி வெக்கறவன் தொழில்காரன் இல்ல.”

“நீங்களும் இப்ப தொழில்ல இல்லையே.”

தேவையில்லாத பேச்சு.

வீட்டில் வேண்டாத சாமான்களை ஆன்லைனில் போட்டு விற்பதாக அவளுக்கு யோசனை. அதற்குப் படம் வேண்டும். மார்பை நிமிர்த்தினேன். மூன்று கேமராவையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைப்பேன் என்றேன். ஒரு பட்டனைத் தட்டினால் மூன்றும் ஒரே நொடியில் எடுக்கும். படம் நேராகத் திரையில் வந்து நிற்கும். பெரிதாக்கினால் கொசுவின் மீசைகூடத் தெரியும்.

“மூணும் ஒண்ணா வேலை செஞ்சா?”

“மூணும் அலமாரியிலயே இருக்கும். நீ வாயைத் திறக்கக் கூடாது.”

“சரி. நான் எதை எல்லாம் விக்கலாம்?”

“படத்துல இருக்கற எதை வேணும்னாலும் வித்துக்கோ. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“நான் என்னைக்காவது மாறியிருக்கேனா?”

யோசித்தாள். “கல்யாணத்தப்ப தலையில முடி இருந்துச்சு. மத்தபடி இல்ல.”

சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டேன். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, மேலிருந்து பார்க்க ஒன்று. கம்ப்யூட்டரில் இரண்டே ஓட்டை. கடைக்குப் போய், ஓர் ஒயரை நாலாகப் பிரிக்கும் பெட்டி வாங்கி வந்தேன். ஒன்றைச் செருகினேன், தெரிந்தது. இரண்டாவதைச் செருகினேன், முதலாவது தூங்கிவிட்டது. மூன்றாவதைச் செருகியதும் கூண்டோடு காலி. இரண்டு நாள் இதே கதை. மூன்று வேளையும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

தையல் மெஷினிலிருந்து குரல் வந்தது. “அந்தப் பெட்டிக்குத் தனியா கரண்ட் குடுத்தீங்களா?”

பெட்டியோடு ஓர் அடாப்டர் வந்திருந்தது. அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்து மாட்டினேன். அவள் சொன்னதால் இல்லை. மாட்டத்தான் இருந்தேன்.

திரையில் மூன்று சதுரம். மூன்றிலும் மேஜை. பழைய கடிகாரத்தை வைத்து இருபது முறை தட்டினேன். அறுபது படம் இருக்க வேண்டும். இருந்தது இருபது. எல்லாம் மேலிருந்து எடுத்தவை.

மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். மூன்றும் படத்துக்கு ஒரே எண்ணைப் போட்டிருக்கின்றன. பின்னால் வந்தது முன்னால் வந்ததன் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பழசை அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. நான் ஆமாம் என்று தட்டியிருக்கிறேன். நீளமாகக் கேட்டால் எதற்கும் நான் ஆமாம்தான்.

“மூணு பிள்ளைக்கும் ஒரே பேர் வெச்சா, கூப்பிட்டா எது வரும்?” என்றாள். “ஒவ்வொண்ணுக்கும் வேற எழுத்துப் போடுங்க.” போட்டேன். ஒயர்கள் குழம்பாமல் இருக்கச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நூல் கட்டியும் கொடுத்தாள். எனக்கு ஏன் இவ்வளவு உதவுகிறாள்? கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரு கெட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். காலையில் கரி பிடித்துக் கிடந்தது. இப்போது அதில் என் மூக்கு தெரிந்தது.

“முதல் பொருள். நல்லா வரட்டுமேன்னு தேய்ச்சேன்.”

மனசு இளகிவிட்டது. பளபளக்கும் பாத்திரத்தைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டித்தான் படமெடுக்க வேண்டும். நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரியும். ஆனால் நான் கெட்டிலைப் பார்க்கவே இல்லை. மூன்று சதுரமும் உயிரோடு இருக்கின்றனவா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டினேன். மூன்றும் ஒரே சத்தத்தில் ‘டக்’ என்றன. மூன்று படமும் வந்து நின்றன. என் கண்ணில் தண்ணீர் வந்ததாக அவள் சொல்கிறாள். தூசி.

“நல்லா வந்திருக்குங்க. நானே எழுதிப் போட்டுடவா, நீங்க ஒரு தடவை படிச்சுப் பாக்கறீங்களா, இல்ல...”

“ஆமாம், ஆமாம்” என்றேன்.

ஒரு மணி நேரத்தில் அவள் போன் மூன்று முறை கூவியது.

“மூணு பேர் கேட்டாச்சு.”

“கெட்டிலையா?”

“கேமராவை.”

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். கெட்டிலின் வயிற்றில் மூன்று கேமராவும் வரிசையாக நின்றன. சிவப்பு, நீலம், மஞ்சள் நூல்கூடத் தெரிந்தது. கீழே எழுதியிருந்தாள்: படத்தில் இருப்பவை அனைத்தும் விற்பனைக்கு.

“இது அநியாயம்.”

“நீங்க சொன்னதுதானே.”

ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன். பிறகு, “ஒண்ணை வெச்சுக்கோங்க. உங்களுக்குப் பிடிச்சதை எடுங்க” என்றாள்.

இடது பக்கத்துக் கேமராவை எடுத்தேன். மூலையில் நசுங்கினது. நான் கீழே போட்டது.

“அதைத்தான் எடுப்பீங்கன்னு தெரியும். அதைக் கேட்டவருக்கு அப்பவே இல்லைன்னு சொல்லிட்டேன்.”

மறுபடி படத்தைப் பார்த்தேன். கெட்டிலில் கேமராக்களுக்கு நடுவே, வழுக்கைத் தலையும் தொப்பையுமாக, நானும் வளைந்து நின்றிருந்தேன்.

“அப்ப நானும் விற்பனைக்கா?”

“போட்டுத்தான் பாத்தேன்” என்றாள், துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே. “யாரும் கேக்கலை.”