கிடைச்சாச்சு வக்கீல்

உலகத்தில் தேடுகிறவர்கள் உண்டு, கண்டுபிடிக்கிறவர்களும் உண்டு. தேடத் தொடங்குவதற்குள்ளேயே கண்டுபிடித்துவிடுகிற மூன்றாவது இனம் ஒன்று இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கணினி முன்னால் உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, "கிடைச்சாச்சு!" என்று மேசையைத் தட்டுவார்கள். என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது அவர்களுக்கே இனிமேல்தான் தெரியவேண்டும்.

நம் வக்கீல் இந்த இனத்தின் தலைமகன். நீதிமன்ற வட்டாரத்தில் அவருக்குப் பெயரே கிடைச்சாச்சு வக்கீல்தான். பழைய தீர்ப்புகளெல்லாம் இணையத்தில் ஒரே தளத்துக்கு வந்த நாளிலிருந்து, தடிமனான சட்டப் புத்தகங்களை நாற்காலியில் உயரத்துக்குப் போட்டு அவற்றின் மேலே அமர்ந்துகொண்டு, தேடும் கட்டத்துக்குள் மனைவியிடம் அங்கலாய்ப்பதுபோல முழுக் கதையையும் தட்டுவார்: 'பத்தொன்பது வருடமாகத் தையல்கடை நடத்தும் பெண்ணை ஈவிரக்கமில்லாத கட்டிடக்காரர் திடீரென்று காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது?'

தளம் என்ன செய்யும், பாவம்! கடை, பெண், கட்டிடம் என்று எந்தச் சொல் எங்கே கிடந்தாலும் பொறுக்கி, நாற்பத்தோராயிரம் தீர்ப்புகளைக் கொட்டும். நம்மவர் மலைப்பாரா? முதலாவதைத் திறப்பார். தேடிய சொற்கள் மஞ்சளாகத் தெரியும். மஞ்சளை மட்டும் படிப்பார். கிடைச்சாச்சு!

அந்தத் தையல்கடை அம்மா அன்று நீதிமன்றத்தில் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். வழக்கு தோற்றால் கடை போய்விடும். கடை போனால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

வக்கீல் குரலை உயர்த்தி மஞ்சள் வரிகளை வாசித்தார். "பல்லாண்டு தொழில் செய்தவரை வெளியேற்றுவது நியாயத்துக்கு ஒவ்வாது!"

நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "அடுத்த பத்தியையும் வாசிங்க."

"அடுத்த... பத்தியா?"

வாசித்தார். 'மேற்கண்டவாறு மனுதாரரின் வக்கீல் வாதிட்டார். இவ்வாதத்தை ஏற்பதற்கில்லை.' தோற்றுப்போனவரின் வாதத்தையே தீர்ப்பு என்று முழங்கியிருக்கிறார் மனிதர்! எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சிரிப்பை அடக்க இருமல் தேவைப்பட்டது.

"ரெண்டரை மணி வரைக்கும் நேரம் தர்றேன். வேற இருந்தா கொண்டு வாங்க" என்றார் நீதிபதி.

அலுவலகத்துக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "ஏன் சார், துணியை வெட்டிட்டு அப்புறமா அளவெடுப்பீங்களா?"

"இப்படி ஆகும்னு யாருக்கும்மா தெரியும்?"

"கட்டிடக்காரரு எழுத்துல நோட்டீஸே கொடுக்கல. போன்ல சொன்னாரு, நேரா கேஸ் போட்டுட்டாரு. முதல் நாளே சொன்னேனே. அதைத் தேடுனீங்களா?"

தேடவில்லை. கதைக்கு அது சுவாரசியமாக இல்லை என்று விட்டிருந்தார்.

அம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மேற்கோள் குறிக்குள் தட்டினால் அந்தச் சொற்கள் அப்படியே சேர்ந்து வருகிற தீர்ப்புகள் மட்டும்தான் வரும் என்பது வக்கீலுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குறிகளுக்குள் 'எழுத்துமூல அறிவிப்பு', கூடவே 'வாடகை', மேல் நீதிமன்றம் மட்டும், கடைசி பதினைந்து வருடம் மட்டும். நாற்பத்தோராயிரம் ஒன்பதானது.

"கிடைச்..." என்று கை உயர்ந்தது.

"கீழ வரைக்கும் போங்க சார்."

போனார்கள். முதல் இரண்டும் எதிரானவை, மூன்றாவதைப் பிற்பாடு வேறொரு தீர்ப்பு ரத்து செய்திருந்தது, எழுத்தில் அறிவிப்பு தராமல் காலி செய்யச் சொல்ல முடியாது என்ற நான்காவதைக் கடைசி வரி வரை படித்து, பின்னால் யாரும் அதை மாற்றவில்லை என்று பார்த்து, அச்செடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி, நீதிபதியும் அதை முழுக்கப் படித்து, கட்டிடக்காரரின் வழக்கைத் தள்ளுபடி செய்து, கடை அம்மாவுக்கே நிலைத்து, எல்லாரும் வெளியே வந்தபோது, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலையிலேயே சொன்னேன்ல, கிடைச்சாச்சுன்னு!"

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் நீங்கள் எப்படி இவ்வளவு சீக்கிரம் இங்கே வந்தீர்கள்? கடை என்ன ஆயிற்று என்று பார்க்கக் கடைசிப் பத்திக்குத் தாவியிருந்தால், அது இங்கே இல்லை. மேலே, ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே இருக்கிறது. போய்ப் படியுங்கள். முதல் வரியிலிருந்து.