வாங்க சார் மலையிறங்கிய லீவு

கொடைக்கானலுக்கு வந்துவிட்டு வாங்க சார் வீட்டில் ஒரு டம்ளர் காபிகூடக் குடிக்காமல் திரும்பிய மனிதரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. அப்படி யாராவது இருந்தால், அவர் கொடைக்கானலுக்கு வந்தேன் என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வரும். மற்றபடி தலைமையாசிரியரிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுபவர் வரை எல்லோருக்கும் அவர் வாங்க சார்தான். எங்கள் பள்ளியில் அவர் சமூக அறிவியல், நான் தமிழ். மூஞ்சிக்கல் பகுதியில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடு. ஏரிக்கு வழி கேட்டுக் காரை நிறுத்துகிறவர்களிடம் அவர் வழி சொல்லமாட்டார். "வாங்க, ஒரு காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்பார். ஒருநாள் காலையில் காம்பவுண்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு காட்டுமாடு தலையை நீட்டியது. நான் என் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த சார், யாரென்று பார்க்காமலே, "வாங்க" என்றார். அதுவும் வந்தது. சாரின் மனைவி வாசுகி அக்கா வளர்த்த முட்டைக்கோஸ் முழுவதையும் தின்றுவிட்டுத்தான் போனது.

இதே மனிதர் வகுப்பறையில் வேறு ஆள். தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்டால் முடியாது. ஜன்னலைச் சாத்தலாமா என்றால் முடியாது. பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே அந்த வார்த்தையை அவர் தீர்த்துவிட்டார், சொந்தக்காரர்களுக்கு மிச்சமில்லை என்பது அவருடைய மகள் தேன்மொழியின் கருத்து. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. தகப்பனைச் சரியாக எடை போட்டு வைத்திருந்தாள்.

ஊரில் மற்ற வாத்தியார்களுக்கெல்லாம் லீவு விட்டால் ஊருக்குப் போகலாம். கொடைக்கானல் வாத்தியாருக்கு லீவு விட்டால் ஊர் இங்கே வரும். முழுப் பரீட்சை அட்டவணை ஒட்டிய அன்றே கீழேயிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "என்ன, அங்க குளிருதா?" என்று கேட்பார்கள். வானிலை விசாரிக்கிறார்கள் என்று நினைத்தால் நீங்கள் மலைக்குப் புதுசு. அந்தக் கேள்வி வந்ததும் வாசுகி அக்கா கம்பளிகளை எடுத்து வேலியில் காயப்போடுவார். இட்லி மாவு சட்டியிலிருந்து வாளிக்கு மாறும். தேன்மொழி தன் புத்தகங்களோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் குடியேறுவாள். மே மாதம் முடியும்வரை அதுதான் அவளுக்கு வீடு.

வாசுகி அக்காவின் ஊர் ஆயக்குடி. மலையிறங்கினால் பழனி, பழனியைத் தாண்டினால் ஆயக்குடி. மேலே நின்று பார்த்தால் பளிச்சென்ற நாளில் அந்தப் பக்கம் தெரியும் என்பார். கல்யாணமாகி வந்த பிறகு ஒரு லீவுக்குக்கூட அவர் அங்கே போய்த் தங்கியதில்லை. கூடப் பிறந்தவர்கள் எல்லாம் மே மாதம் அண்ணன் வீட்டில் கூடுவார்கள். இவர் இங்கே அடுப்படியில் நிற்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். என் எதிரிலேயே சொன்னார்.

"இந்த லீவுக்கு நான் ஆயக்குடி போறேன். பத்து நாளு. இந்த வருஷமும் போகலேன்னா இனி எந்த வருஷமும் கேக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டு சார் பயந்துவிட்டார். நானும்தான். சண்டை போடுகிற பெண்ணைச் சமாளித்துவிடலாம், இனிமேல் கேட்கமாட்டேன் என்கிற பெண்ணை என்ன செய்வது?

தடை ஒன்றே ஒன்றுதான். ஒட்டன்சத்திரத்து அத்தான். சாருடைய அக்கா வீட்டுக்காரர். அவர் வந்தால் வேன் நிறைய வருவார், ஒரு மாசம் இருப்பார். அவரை மட்டும் நிறுத்திவிட்டால் மற்றவர்கள் தானாக நின்றுவிடுவார்கள்.

"நீங்களே போன்ல சொல்லிருங்களேன் அக்கா" என்றேன்.

"நான் சொன்னா, நாத்தனாரையும் அவுக வீட்டுக்காரரையும் வரவிடாம அடிச்சுட்டாள்னு காலத்துக்கும் பேசுவாக. இவரு அவுகளுக்கு மச்சான், இவருதான் சொல்லணும்."

சார் போனை ஸ்பீக்கரில் போட்டார். அக்கா என்ன சொல்ல வேண்டும் என்று ஏற்கெனவே பாடம் எடுத்திருந்தார்.

"அத்தான், இந்த வருஷம் காட்டுமாடு தொந்தரவு அதிகம். வாசல்லயே படுத்துக் கெடக்குது."

"அப்பிடியா மாப்ள! பேரன் காட்டுமாடு பாக்கணும்னு ஒரே அழுகை. வெரசா வந்துர்றோம்."

"தண்ணியும் இல்ல அத்தான். டேங்கருக்குத்தான் காத்துக் கெடக்கோம்."

"அந்தக் குளிர்ல யாரு மாப்ள குளிக்கப் போறா?"

அக்கா காதில் ஏதோ சொன்னார். சார் தலையாட்டினார். "மலையேற இ-பாஸ் இல்லாம வண்டிய விடமாட்டாக அத்தான்."

"அடடே, அதெல்லாம் எனக்கு எங்க தெரியுது. நீங்களே போட்டு அனுப்பிவிட்ருங்களேன்."

"சரிங்க அத்தான்."

அன்று சாயங்காலமே போட்டு அனுப்பியும் விட்டார். எங்கள் மலையில் விருந்தாளிக்கு இ-பாஸ் எடுத்துக் கொடுத்து, பிறகு அந்த விருந்தாளியைத் தடுக்க யோசனை கேட்டு அடுத்த வீட்டுக்கு வந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

"நாங்க ஊர்ல இருக்க மாட்டோம்னு சொல்லுங்க சார், முடிஞ்சுது சோலி" என்றேன். மறுபடியும் போன்.

"அத்தான், லீவு விட்டதும் நாங்க ஆயக்குடி போறோம்."

"போங்க மாப்ள, நல்லாப் போங்க. நாங்க வந்துட்டுக் கெளம்புன பெறகு போங்க."

"சரிங்க அத்தான்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, காபி சூடாக வந்தது, பேச்சு மட்டும் தேன்மொழி வழியாகப் போய்த் தேன்மொழி வழியாக வந்தது. "அப்பாவுக்கு இன்னும் ரெண்டு இட்லி வேணுமான்னு அம்மா கேக்குது" என்பாள், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பாவிடம். கம்பளி எதுவும் வேலிக்கு வரவில்லை. அக்கா ஒரு பையில் தன் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். சார் வகுப்பில் யாரோ தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்டதற்கு, "போங்க, வாங்க" என்றாராம். பள்ளியே கலங்கிவிட்டது.

லீவு விட்ட மறுநாள் நான் என் ஊருக்குப் போகப் பழனி பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் வாசுகி அக்காவும் தேன்மொழியும். பஸ் நகரும்போது சார் ஓடிவந்து தொற்றிக்கொண்டார். கழுத்தில் மப்ளர், கையில் வீட்டுச் சாவி.

"அத்தானுக்குச் சொல்லிட்டீங்களா சார்?"

"இனிமேத்தான் சார் சொல்லணும். அவுக நாளைக்குத்தான வர்றாக" என்றார்.

அத்தான் வெரசா வருவதாகச் சொன்னதை அவர் மறந்துவிட்டார். பாதி வழியில் சவரிக்காட்டில் பஸ் நின்றது. எதிரே டீக்கடை ஓரத்தில் ஒரு வேன், சூடேறிப்போய் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் டீ டம்ளரும் கையுமாக ஒட்டன்சத்திரத்து அத்தான்.

"ஏலே, அந்தா பாரு உங்க வாத்தியார் தாத்தா!" என்று பேரனுக்குக் காட்டியவர், பஸ் ஜன்னலுக்கே வந்துவிட்டார். "எங்களக் கூட்டிட்டுப் போகவா மாப்ள இம்புட்டுத் தூரம் வந்தீக? எறங்குங்க, எறங்குங்க. வேன்ல எடம் கெடக்கு."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "சார், வர்றீங்களா, எறங்குறீங்களா?"

சார் இறங்கினார். வாசுகி அக்கா மடியிலிருந்த பையின் காதுகளைக் கையில் சுற்றிக்கொண்டு, கீழே வெயிலில் கிடந்த சமவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். தேன்மொழி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். முடிந்தது, இந்த வருஷமும் போச்சு, இனி எந்த வருஷமும் இல்லை என்று நினைத்தேன்.

சார் அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வாங்க அத்தான். அக்காவையும் கூப்பிடுங்க. எல்லாரும் வாங்க, ஆயக்குடிக்குப் போவோம்."

"எங்க?"

"ஆயக்குடிக்கு. மச்சான் வீடு பெருசு. கொய்யாத் தோப்புல கட்டில் போட்டுப் படுத்துக்கலாம். வேனைத் திருப்பச் சொல்லுங்க அத்தான்."

அத்தானின் முகம் மாறியது. "இந்த வெயில்லயா? மாப்ள, அங்க அனல் அடிக்குமே?"

"அதனால என்ன அத்தான்? தாராளமா வாங்க."

அவர் கையைப் பிடித்து இழுக்க, அத்தான் பின்னால் போக, இருவரும் வேன் வரைக்கும் வந்துவிட்டார்கள். "இல்ல மாப்ள, வேண்டாம் மாப்ள. நாங்க மேல ஒரு நாள் சுத்திப் பாத்துட்டு அப்பிடியே திரும்பிர்றோம். நீங்க போங்க, பஸ் நிக்கிது பாருங்க" என்று சொல்லி அத்தான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சார் பஸ்ஸில் ஏறி வாடிய முகத்தோடு உட்கார்ந்தார். "வரமாட்டேன்னுட்டாரு" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு மனைவியிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அக்காவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிப்பு. வாயைச் சேலையால் பொத்தியும் அடங்கவில்லை. பழனி வருகிறவரை விட்டு விட்டுச் சிரித்தார்.

"தெரிஞ்சேதான் கூப்பிட்டீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

தப்பாக விடை சொன்ன பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றார்.

பழனியில் என்னையும் விடவில்லை. ஆயக்குடிக்கு இழுத்துப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், உள்ளறையில் தலையணைகூட இல்லாமல் பாயில் சாய்ந்த அக்கா அப்படியே தூங்கிப்போனார். காபி கேட்டு எழுப்ப அங்கே ஒருவரும் இல்லை. செய்தி தெரிந்து தெருவே பார்க்க வந்தது. சார் வாசல் கதவைச் சாத்தி, ஒரு நாற்காலியைத் தூக்கி அதற்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வாசுகி வந்திருக்காமே?"

"தூங்குறா. இப்ப முடியாதுங்க" என்றார், உதட்டில் விரல் வைத்து. வந்தவர்களையெல்லாம் அதே மாதிரி திருப்பி அனுப்பினார். என் பை உள்ளே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அதற்கும் முடியாது என்றார். பஸ் போய்விட்டது. எதிரே ஒரு கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து, மூடிய கதவுக்கு முன்னால் வியர்வை வழிய, மப்ளரைக்கூடக் கழற்றாமல் காவலிருந்த அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அடுத்த வீட்டுக்காரனாக இருப்பது எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.