டேங்க் மேல் இந்தியா

பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்களில் ‘மேப் புலி’ என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பை, பையின் கண்ணாடித் தாளுக்கு அடியில் நாலாக மடித்த இந்தியா. போனில் வழி பார்ப்பவர்களைக் கண்டால் அதற்குச் சிரிப்பு வந்துவிடும். “சாட்டிலைட்ட நம்பி கெணத்துல வண்டிய வுட்டவன்லாம் இருக்கான்” என்று ஆரம்பிக்கும். எந்தக் கிணறு? யார் விட்டது? கேட்காதீர்கள்.

விழுப்புரம் சித்தார்த்தன் இந்த இனத்தில் அசல். அவருடைய பைக் குழு அடுத்த ஜூனில் லடாக் போகிறது. முன்னால் போகும் கேப்டன் யார்? சித்தார்த்தனா, கைப்பிடியில் போனை மாட்டிக்கொண்டு ஓட்டும் ஆர்த்தியா? ஹைவேயில் ஏறாமல், பனமலை, மயிலம் வழியாகத் திண்டிவனம் வரை ஒரு சோதனை ஓட்டம். போகும்போது முன்னால் இவர், திரும்பும்போது அவள்.

அந்தப் பதவி சித்தார்த்தனுக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் அவர். “இவ்ளோ படிச்சிட்டு வழி கேட்டுக்கினா வர்றே?” என்று அப்பா ஒருநாள் மல்லாட்டைக் கடலை உரித்தபடி சிரித்ததிலிருந்து, ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. படித்தது விலங்கியல் என்பதை யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

ஆனால் நாலாக மடித்த இந்தியாவில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நகக்கண் அளவுதான் இடம். அதில் பனமலை ஏரிக்கரைச் சாலையை எங்கே தேடுவது? ஆகவே ஹெல்மெட்டுக்குள், இடது காதில், ஒயரில்லாத ஒரு இயர்போன். அதில் வழி சொல்லும் ஒரு பெண் குரல். போன வாரம் அவரைத் தனியாக ஒத்திகைக்குக் கூட்டிப் போனதும் அதே குரல்தான்.

ஓட்டம் அமர்க்களம். சாலை பிரியும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, வானத்தைப் பார்த்து, இந்தியாவைத் தடவி, “ம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

“எப்பிடிண்ணா?” என்று வாய் பிளந்தான் குழுவில் இளையவன் குமரேசன்.

“மேப்ப படிக்கத் தெரியணும் தம்பி.”

மயிலத்துக்கு அருகே டீக்கடை. இயர்போனைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு மேப்பை விரித்தார் சித்தார்த்தன். கடைக்கார வெள்ளையம்மாள் பாட்டுப் போட புளூடூத் ஸ்பீக்கரை ஆன் செய்தார். ஒத்திகைக்கு வந்தபோது இதே ஸ்பீக்கரில் தன் போனை இணைத்துப் பாட்டுப் போட்டதை சித்தார்த்தன் மறந்துவிட்டார். ஸ்பீக்கர் மறக்கவில்லை.

“இங்கேர்ந்து நேரா போயி...” என்று விரலைப் போபால் மேல் ஊன்றினார்.

“நேராகச் சென்று, இடதுபுறம் திரும்பவும்” என்றது ஸ்பீக்கர்.

குமரேசன் குனிந்து மேப்பைப் பார்த்தான்.

ஆர்த்தி டீயைக் கீழே வைத்தாள். “அண்ணா, மேப்பு பேசுதுண்ணா!”

“போன வாரம் பாட்டு போட்டுக்கினு குந்தியிருந்த தம்பிதானே நீ?” என்றார் வெள்ளையம்மாள் ஆசையாக.

அப்போதாவது, ‘ஆமாப்பா, எனக்கு வழி தெரியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆர்த்தி கூடச் சிரித்துவிட்டு அதோடு விட்டிருப்பாள். சொன்னாரா?

“அது தப்பா சொல்லுதான்னு செக் பண்ணிக்கினு வர்றேன்.”

“சரியா சொல்லுதாண்ணா?” என்று அப்பாவியாகக் கேட்டான் குமரேசன்.

“இதுவரைக்கும்... சரிதான்.”

அங்கிருந்தே ஆர்த்தி முன்னால் போனாள். லடாக்குக்கும் அவள்தான். கடைசி வண்டியில், டேங்க் மேல், இந்தியா போகும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று யாரோ ஏதோ கேட்டபோது, மேசைக்கு அடியில் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எப்பவோ படிச்சது” என்று சொன்னீர்களே, அது யாருக்கும் தெரியாது. எதற்கும் டீக்கடைப் பக்கம் போகும்போது புளூடூத்தை அணைத்து வையுங்கள்.