முயல் காது வைத்த அன்செல்மோ

இந்தத் தடவையும் அன்செல்மோவின் மீசை மட்டும்தான் வந்தது.

"மூஞ்சி எங்கடி?" என்றாள் எர்லிந்தா.

"வரும்க்கா. தாளுக்குத் தகுந்த மாதிரி படத்தைச் சுருக்கணும், அவ்வளவுதான்."

டெல்ஃபினா அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள். மெக்சிகோவின் சோலூலா ஊர்ச் சதுக்கத்தில் காதல் ஜோடிகளைப் படமெடுத்து அங்கேயே அச்சடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அச்சுப் பெட்டி சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மை கிடையாது, ஒயர் கிடையாது. உள்ளே சூடு பட்டால் தாளிலேயே நிறம் எழும்பும். பின்பக்கத் தோலை உரித்தால் எங்கே வேண்டுமானாலும் ஒட்டும். இவ்வளவு கெட்டிக்காரப் பெட்டிக்கு ஒரு மனிதனின் முகம் மட்டும் பிடிபடவில்லை.

மரித்தோர் திருநாள். பொழுது சாய்வதற்குள் படையல் மேசையில் படம் இருந்தாக வேண்டும். செண்டுமல்லி, ரொட்டி, மோலேக் குழம்பு, மெஸ்கால் சாராய பாட்டில் எல்லாம் தயார். இன்று இருட்டியதும் செத்தவர்கள் தங்கள் படம் இருக்கும் வீட்டைத் தேடி வருவார்கள்; தெருவில் எல்லா வீட்டுக்கும் ஆள் வரும். புருஷன் அன்செல்மோ செருப்பைக் கழற்றி மூலைக்கொன்றாக எறியும் சத்தத்துக்காக எர்லிந்தா ஏங்கினாள். கடைசி நாளன்று கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம் என்று நினைத்தாள்.

"சீக்கிரம்டி. படம் இல்லாம அவரு எப்படி வருவாரு?"

பெட்டி முனகியது. முத்தமிட்டுக்கொண்டிருந்த ஒரு ஜோடி வெளியே வந்தது.

"இது யாரு?"

"போன வாரத்து ஜோடிக்கா. பெட்டி உங்க போனை விட்டுட்டு என் போனைப் பிடிச்சுக்கிச்சு."

"உன் பெட்டிக்கும் புத்தி அலைபாயுது."

டெல்ஃபினா தன் போனை அணைத்தாள். மிச்சமிருந்த ஒரே தாளைப் போட்டாள். அன்செல்மோ முழு முகத்தோடு வந்தார். கூடவே தலையில் இரண்டு முயல் காதுகள், சுற்றிலும் இளஞ்சிவப்பு இதயங்கள். காதலர்களுக்கென்று பெட்டியில் வைத்திருந்த அலங்காரத்தை எடுக்க மறந்துவிட்டாள். பதற்றத்தில் தோலை வேறு உரித்துவிட, படம் மெஸ்கால் பாட்டிலில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. இழுத்தால் மீசை கிழியும்.

"இருக்கட்டும் விடு," என்று எர்லிந்தா பாட்டிலைத் தடவினாள். "காதோட பாத்தாலும் அழகாத்தான் இருக்காரு."

டெல்ஃபினாவுக்கு அழுகை வந்தது. ஆறுதலாக ஏதாவது செய்ய நினைத்து, தன் போனை மறுபடி போட்டு மேசையைப் படம்பிடித்தாள்.

"நம்ம தெருக் குரூப்புல போட்டுட்டேன்க்கா. எல்லாரும் அவருக்காக வேண்டிக்கட்டும்."

எர்லிந்தாவின் கையிலிருந்த மெழுகுவத்தி விழுந்தது. "எந்தக் குரூப்புல?"

"இந்தத் தெருவுல இருக்கறவங்க, இருந்தவங்க எல்லாரும் இருக்காங்களே, அதுல."

"அழிடி. உடனே அழி."

"ஏன்க்கா? அதுக்குள்ள பாதித் தெரு அழுதிருச்சு."

எர்லிந்தாவின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை மாவுப் பாத்திரத்துக்குள் அமுக்கிவிட்டு, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். டெல்ஃபினா பேந்தப் பேந்த விழித்தாள்.

வெளியே வெளிச்சம் மங்கும் நேரத்தில் ரொட்டிக்காரி தோமாசா கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்கிட்டுப் போன உங்க வீட்டுக்காரரு பக்கத்து ஊரு அட்லிஸ்கோ பஸ்ஸுல வந்து இறங்கி முக்குல நிக்கிறாரு. இப்பவே வரலாமா, இல்ல இருட்டுனப்புறம் செத்தவங்களோட சேர்ந்துதான் வரணுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."