வான்காரர் மனைவிக்கு அனுப்பிய அமெரிக்கப் பாட்டு

டென்மார்க்கில் வாகனம் ஓட்டியவர்களிலேயே மிக மெதுவாக ஓட்டியவர் எங்கள் வான்காரர்தான். சைக்கிளில் போகும் வயோதிப மாதர் அவரை முந்தும்போது திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவார்கள். தலைநகரத்துக்குப் பக்கத்து இஷொயில் ஒரே வீட்டில் நாலு வருஷம் அவரோடு இருந்த எனக்கே அவருடைய சொந்தப் பெயர் கடிதப் பெட்டியைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

மெதுவாக ஓட்டியதற்குக் காரணம் இருந்தது. ஓட்டும்போது அவர் மனைவியோடு பேசிக்கொண்டிருப்பார். மனைவியோ பருத்தித்துறையில் இருந்தார்.

குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு, அகதிகளாக வந்த நாங்கள் எல்லோரும் காத்திருந்த காலம் அது. எங்கள் கோப்புகளை மேலிடத்தில் வேண்டுமென்றே தூங்கவிட்டார்கள் என்பது பின்னால் பெரிய வழக்காகி அரசாங்கத்தையே கவிழ்த்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற கடிதம்தான். மனைவியும் மகளும் வந்து சேர வேண்டும். வான்காரருக்கு இந்த உலகத்தில் வேறு கோரிக்கை கிடையாது. அதுவரைக்கும் கசெற்றில் பேசி அனுப்பினார்.

நாங்களும்தான் அனுப்பினோம். கட்டிலில் இருந்து பத்து நிமிஷம் பேசி, ‘வேறு விசேஷம் இல்லை’ என்று முடிப்போம். இவர் ரேப் ரெக்கோடரை ஸ்டியரிங் பக்கத்தில் கயிற்றால் கட்டி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். மனைவி மறுமொழி சொல்லுமளவுக்கு இடம் விடுவார். பிறகு அந்த மறுமொழிக்குக் கோபித்தும் கொள்வார்.

“இண்டைக்கு என்ன சமைச்சனீ?”

கொஞ்ச நேரம் வான் இரைச்சல் மட்டும்.

“திரும்பவும் கத்தரிக்காயோ? பிள்ளைக்கு மீன் வாங்கிக் குடு எண்டு எத்தினை தரம் சொன்னனான்.”

எங்களோடு ஆலையில் வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் நாட்டுப்பாடல் கழகம் நடத்தினார். ஊர் ஊராகப் பாட வந்த அமெரிக்கக் குழு ஒன்றைக் கடல் தாண்டி ஓகூஸ் நகரத்துக்குக் கொண்டுபோக வான் இல்லாமல் தவித்து, ஆளை விசாரிக்காமல் அந்தப் பயணத்தை இவரிடம் கொடுத்துவிட்டார். ஆங்கிலம் பேச நானும் போனேன். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் கணவர், வயலின் வாசித்துப் பாடும் மனைவி, ஆளுயர பேஸ் வயலின் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனைவியின் தம்பி. கணவனுக்கும் மனைவிக்கும் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. எதற்கென்று தம்பிக்கும் தெரியாது.

வான் புறப்பட்டதும் எங்கள் ஆள் ரெக்கோடரை அமுக்கிவிட்டுத் தொடங்கினார். பாட்டுக்கார அம்மா என் தோளைத் தட்டினார்.

“யாரோடு பேசுகிறார்?”

“மனைவியோடு.”

“எங்கே அவர்?”

“இலங்கையில்.”

“இப்போது ஏன் கத்துகிறார்?”

“மனைவி எதிர்த்துப் பேசிவிட்டார்போல.”

அந்த அம்மா யோசித்துவிட்டு, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்டார். நாலு வருஷம் என்றேன். தன் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓகூஸ் போகும் கப்பலில் கோப்பி குடிக்கும்போது வான்காரர் என்னை இடித்தார். “தம்பி, என்ர மனுசிக்கு ஒரு பாட்டுப் பாடுவினமோ எண்டு கேள். அமெரிக்காக்காரரை ஏத்திறன் எண்டு எழுதிப்போட்டன். நம்பமாட்டாள்.”

கேட்டேன். அந்த அம்மா வயலினை எடுத்து, மூன்று நாளுக்குப் பிறகு கணவரிடம் வாய் திறந்து, எந்தச் சுருதி என்றார். “ஜீ” என்றார் கணவர். சமாதானம் அவ்வளவுதான்.

காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு போனபோது பக்கத்து மேசை டேனிஷ்காரர்கள் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்கள். வான்காரர் மட்டும் ரெக்கோடரை வாயருகில் பிடித்தபடி பாட்டு முழுவதும் விளக்கம் சொன்னார்.

“கேக்குதோ? உந்த டொங்கு டொங்கெண்டிறது பெரிய வயலின். பாவம், நிண்டுகொண்டுதான் வாசிக்கிறார். இப்ப பாடுறது மனுசி. நல்லாப் பாடுறா, என்ன?”

இங்கே மறுமொழிக்கு இடம் விட்டார். அந்த இடைவெளியில் பாட்டில் ஏழெட்டுச் சொல் பதிவாகியிருக்கும்.

“நன்றாகப் பதிவானதா?” என்று பாஞ்சோக்காரர் கேட்டார். அவருடைய கை மனைவியின் தோளில் இருந்தது. பிரமாதம் என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் போய்த்தான் அனுமதிக் கடிதம் வந்தது. விமான நிலையத்துக்குப் போன அன்று அவர் சாவியை என்னிடம் தந்துவிட்டதால் வானை நான்தான் ஓட்டினேன். திரும்பும்போது மகள் பின்சீட்டில் நித்திரை. அப்பாவை அடையாளம் தெரியாமலே அவர் மடியில் தலை வைத்திருந்தாள்.

“களைச்சுப்போனியோ?” என்றார் மனைவியிடம்.

“இல்லையப்பா. நீங்கள் கதையுங்கோ.”

அவர் கேட்டார், மனைவி சொன்னார். அவர் இன்னொன்று கேட்டார். வீட்டு வாசல் வந்தபோது எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. இஷொயை இரண்டு தரம் சுற்றினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.